பிஎல் சீரிஸும் நான் இழந்த 81,600 ரூபாயும்

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்பதால் முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2020 மே மாதத்திலிருந்து 2024 ஜனவரி வரை பிஎல் சீரிஸுக்காக என் கையைவிட்டுப் போனது 81,600 ரூபாய். அதில் சீரிஸ் பார்ப்பதற்கென்றே செலவானது 9,400 மட்டும்தான். மற்றதெல்லாம் சீரிஸுக்கு வெளியே போன பணம். அப்போது என் சம்பளம் மாதம் 31,000. வீட்டில் யாருக்கும் தெரியாது, கோவையில் நான் வேலை செய்யும் ஆபீஸிலும் தெரியாது. "இதைச் செய்யாதே" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். இப்போது இதைப் பார்க்க ஆரம்பித்திருக்கும் யாருக்காவது அந்த ஆளாக நான் இருக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎல் என்றால் பாய்ஸ் லவ், இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல் கதை. 1970-களில் ஜப்பானில் மங்கா என்ற படக்கதைகளை வரையும் பெண் ஓவியர்கள் பெண் வாசகர்களுக்காக வரைந்த கதைகளில் இதன் தொடக்கம் இருக்கிறது. தாய்லாந்தில் இதை "சீரீஸ் வை" என்பார்கள். "யாவோய்" என்ற ஜப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் எழுத்துதான் அந்த "வை". அங்கே வரும் சீரிஸ்களில் பல, பெண்கள் இணையத்தில் எழுதிய தொடர்கதைகளிலிருந்து எடுத்தவை. பெண்கள் எழுதி, பெண்கள் படித்து வளர்ந்த வகை இது. நான் பின்னால் சொல்லப்போகும் குறைகளில் பலவற்றுக்கும் வேர் அங்கேதான், எனக்கு இது பிடித்துப்போனதற்கும் காரணம் அங்கேதான்.

ஊரடங்கு சமயம். வேலை வீட்டிலிருந்து, சம்பளத்தில் பாதி பிடித்தம். ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது யூடியூப் தானாக ஒரு தாய்லாந்து சீரிஸைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் "2கெதர்". ஒரு எபிசோடை நான்கு துண்டாகப் போட்டிருந்தார்கள். டைன் என்ற கல்லூரி மாணவனை ஒரு பையன் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறான். அவனிடமிருந்து தப்பிக்க, கிட்டார் வாசிக்கும் சராவத்திடம் "என் காதலனாக நடி" என்று டைன் கேட்கிறான். நடிப்பு நிஜமாகிறது. நம் சினிமாவில் நூறு தடவை பார்த்த கதைதான். ஆனால் அதில் யாரும் ஒரு பெண்ணை ரோட்டில் மறித்து நிற்கவில்லை, "பொண்ணுன்னா அடக்கமா இருக்கணும்" என்று வசனம் பேசவில்லை. இரண்டு பேருமே ஆண் என்பதால், எந்தக் கதாநாயகியின் இடுப்போடும் நிறத்தோடும் என்னை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு காதல் கதையை முதல் முறையாக முழுசாகப் பார்த்து முடித்தேன். பெண்கள் ஏன் இதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். 13 எபிசோடும் மூன்று ராத்திரியில் முடிந்தது. கடைசி நான்கு எபிசோடு தொய்வு என்பதும், காதலர்கள் ஒருவரை ஒருவர் தொடவே கூச்சப்படுகிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம். அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கி அதன் தொடர்ச்சியாக ஐந்து எபிசோடு வந்தது, அது கொஞ்சம் ஈடுகட்டியது.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் தப்பு, பின்னோக்கிப் போனது. பழையதிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம் என்று "சோட்டஸ்" போட்டேன். 2016-ல் வந்தது, இந்த வகையைத் தாய்லாந்தில் பெரிதாக்கிய சீரிஸ்களில் ஒன்று. பொறியியல் கல்லூரியில் சீனியர்கள் முதலாண்டு மாணவர்களை வெயிலில் நிறுத்திக் கத்துகிறார்கள், ஓடவிடுகிறார்கள், தண்டால் எடுக்கவிடுகிறார்கள். அதன் நடுவில் சீனியர் ஆர்தித்துக்கும் ஜூனியர் கொங்போபுக்கும் காதல். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவன் ராகிங்கில் கொல்லப்பட்டு, 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்த மாநிலத்தில் வளர்ந்தவள் நான். நாங்கள் ஸ்கூலில் படிக்கும்போது வீட்டில் பயந்து பயந்து பேசிய விஷயம் அது. அதனால் அந்த மைதானக் காட்சிகளை என்னால் காதலின் பின்னணியாகப் பார்க்கவே முடியவில்லை. அதிலேயே முதல் எபிசோடில் ஜூனியர் சீனியரைப் பார்த்து "உங்களை என் மனைவியாக்கிக்கொள்கிறேன்" என்கிற மாதிரி ஒரு வசனம் வரும். எல்லாரும் கைதட்டும் இடம் அது. இரண்டு ஆண்களில் ஒருவன் புருஷன், ஒருவன் பெண்டாட்டி என்று பிரித்தே ஆகவேண்டும் என்ற பழைய மங்கா கணக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்" என்ற வசனமும் அந்தக் காலத்துச் சீரிஸ்களில் திரும்பத் திரும்ப வரும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் "நான் அவர்களில் ஒருவன் இல்லை" என்று தள்ளி நிற்கிற பேச்சு அது.

2019-ல் வந்த "தார்ன்டைப்" அதைவிடக் கஷ்டம். சின்ன வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பையன், அவனோடு ஒரே அறையில் தங்கும் இன்னொருவன். முதல் சில எபிசோடுகளில் சம்மதம் இல்லாமல் தொடுவதைக் காதலின் ஆரம்பமாகக் காட்டுகிறார்கள். பலருக்கு மிகவும் பிடித்த சீரிஸ் அது, எனக்குத் தெரியும். நான் மூன்றாவது எபிசோடில் நிறுத்திவிட்டு, "எல்லாரும் கொண்டாடுகிறார்கள், நமக்குத்தான் புரியவில்லை" என்று மறுபடி போட்டு முழுசும் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள். பிடிக்காததை நிறுத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆரம்பிக்கிறவர்கள் 2020-க்குப் பிறகு வந்தவற்றில் ஆரம்பித்து, பழையதை அப்புறம் ஆராய்ச்சிக்காகப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தப்பு, முடிவு தெரியாமல் உட்கார்ந்தது. "அன்டில் வீ மீட் அகெய்ன்" என்று ஒரு சீரிஸ். போஸ்டரில் இரண்டு பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் தாய்லாந்து இனிப்புகள் செய்கிறவன் என்று படித்துவிட்டு, சமையல் கதை என்று நினைத்துப் போட்டேன். கதையே இரண்டு காதலர்களின் தற்கொலையில்தான் தொடங்குகிறது. குடும்பங்கள் பிரித்ததால் செத்துப்போன இருவரும் மறுபிறவி எடுத்து மறுபடி சந்திக்கிறார்கள். நமக்குப் பழக்கமான பூர்வஜென்மக் கதைதான், மொத்தமாகப் பார்த்தால் அருமையான சீரிஸும் கூட. ஆனால் அந்த வருஷம் எங்கள் உறவில் ஒரு மரணம் நடந்திருந்தது. அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்து தைவானின் "ஹிஸ்டரி 3"-ல் வரும் ஒரு பள்ளிக்கூடக் கதை. பத்து எபிசோடு பக்கம் கலகலப்பாகப் போய், கடைசியில் காதலர்களில் ஒருவர் விபத்தில் இறந்துவிடுகிறார். முடிவை உடைக்கிறேனே என்று கோபப்படாதீர்கள், உங்களுக்குத் தெரிந்தே இருக்கட்டும். ராத்திரி இரண்டரை மணிக்கு அதை முடித்துவிட்டு, பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சீரிஸையும் தொடங்குமுன் இரண்டு விஷயம் பார்த்துவிடுவேன்: சாவு உண்டா, வற்புறுத்தல் உண்டா. ரசிகர்கள் இதையெல்லாம் எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டு நிமிஷ வேலை.

சப்டைட்டில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் தமிழ் தெரிந்த நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் வயதில் மூத்தவரை, ஆணோ பெண்ணோ, "பீ" என்பார்கள், இளையவரை "நோங்". காதலர்களுக்குள்ளும் இதே சொல்தான். சில சப்டைட்டில்களில் அதை "பிரதர்" என்று போட்டுவிடுகிறார்கள். "ஐ லவ் யூ, பிரதர்" என்று படித்தபோது எனக்கு உடம்பே கூசியது. நமக்கு அண்ணா என்றால் அண்ணாதான். அப்புறம்தான் புரிந்தது, நம் வீடுகளில் "மாமா" என்ற ஒரே சொல் அம்மாவின் தம்பிக்கும் போகும், கட்டிக்கொண்டவருக்கும் போகும், தெருவில் பார்க்கும் பெரியவருக்கும் போகும். அதை ஆங்கிலத்தில் "அங்கிள்" என்று போட்டால் வெள்ளைக்காரர் என்ன நினைப்பார்? அப்படித்தான் இதுவும். அதே மாதிரி "ஃபேன்" என்று அவர்கள் சொன்னால் ரசிகர் இல்லை, காதலன் அல்லது காதலி. அந்தச் சொல்லில் ஆணா பெண்ணா என்று தெரியாது. "உனக்கு ஃபேன் இருக்கா?" என்று யாராவது கேட்டு, கதாநாயகன் "இருக்கு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கும் இடங்கள் பல சீரிஸ்களில் வரும். ஆங்கிலத்தில் "கேர்ள்ஃப்ரெண்ட்" என்று போட்டுவிட்டால் அந்த ஒளிவுமறைவு முழுசும் போய்விடும். "பீ", "நோங்" என்பதை அப்படியே விட்டிருக்கும் சப்டைட்டிலைத் தேடிப் பாருங்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டேன். என்னை இதில் கட்டிப்போட்டது எது என்றும் சொல்ல வேண்டும். 2020 கடைசியில் வந்த "ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ". ஐந்தே எபிசோடு, புக்கெட் பழைய நகரத்தில் நடக்கிறது. சுற்றுலாக்காரர்களின் கடற்கரை புக்கெட் இல்லை, சீன வம்சாவளியினர் வாழும் பழைய தெருக்கள். தே என்ற பையனின் அம்மா ஹொக்கியன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். இன்னொருவனின் பெயர் ஓஏவ், அது அந்த ஊர் இனிப்பின் பெயர், ஐஸ் துருவலும் ஜெல்லியும் சேர்ந்தது. சின்ன வயதில் ஒரு நாடக வேஷத்துக்காகச் சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு பேர், கல்லூரி நுழைவுக்காகச் சீன மொழி டியூஷனில் மறுபடி சந்திக்கிறார்கள். தே ஓஏவுக்குச் சீன வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கிறான். மனசில் இருப்பதைத் தாய்லாந்து மொழியில் சொல்ல முடியாதவன் அந்தக் கடன் வாங்கிய வார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்கிறான். ஓஏவ் தனியாக இருக்கும்போது ஒரு பிராவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும் காட்சி ஒன்று உண்டு. கேலி இல்லை, பரிதாபம் தேடுவதும் இல்லை. தன் உடம்பு எது என்று ஒரு பையன் தன்னிடமே கேட்கிறான், கேமரா அவனைத் தொந்தரவு செய்யாமல் நிற்கிறது. தே தன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லி உடைந்து அழும் இடத்தில் எனக்கு அது பிஎல் என்பதே மறந்துபோனது. யாருக்கும் எதையும் சொல்ல முடியாமல் வளர்ந்த எவருக்கும் அது தன் வீடு மாதிரி இருக்கும்.

அதே வருஷம் ஜப்பானிலிருந்து வந்த "செர்ரி மேஜிக்" அதற்கு நேர்மாறு. முப்பது வயது வரை யாரையும் தொடாத அடாச்சிக்கு, தொட்டவர்களின் மனசில் ஓடுவது கேட்கும் சக்தி வந்துவிடுகிறது. ஆபீஸ் லிஃப்ட் நெரிசலில் பக்கத்தில் நிற்கும் குரோசாவாவின் மேல் பட, ஆபீஸே கொண்டாடும் அந்த ஆள் தன்னைக் காதலிக்கிறான் என்று தெரிகிறது. தன்னை யாரும் விரும்ப முடியாது என்று நம்புகிறவர்கள் இதைப் பார்க்கலாம். கடைசி முத்தத்தை மட்டும் லிஃப்ட் கதவை மூடி மறைத்துவிட்டார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். 2021-ல் "பேட் பட்டி". பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வியாபாரத்தில் பகையாளிக் குடும்பங்கள், இரண்டு பையன்கள். ஐந்தாவது எபிசோடு மொட்டைமாடிக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. யார் புருஷன், யார் பெண்டாட்டி என்ற கேள்வியையே அந்தச் சீரிஸ் தூக்கிப்போட்டது. பெற்றோர் கடைசியில் மனம் மாறி ஆசீர்வாதம் செய்வதாகவும் முடிக்கவில்லை. அதனாலேயே நம்ப முடிந்தது. சீனாவில் இந்தக் கதைகளுக்கு வழியே இல்லை. 2016-ல் "அடிக்டட்" ஓடிக்கொண்டிருக்கும்போதே தளங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2019-ல் வந்த "தி அன்டேம்ட்" ஐம்பது எபிசோடிலும் அந்த இருவருக்கும் இடையில் இருப்பது காதல் என்று சொல்லாமலே பார்வையில் கதை சொன்னது. பொறுமை இருந்தால் பாருங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். 9,400 எப்படிப் போனது என்றால், ஒரே சீரிஸுக்கு வெட்டிய பதிப்பு ஒரு இடத்தில், வெட்டாத பதிப்பு இன்னொரு இடத்தில் இருக்கும். வெட்டாததைப் பார்க்க ஒரு ஆப், தைவான் சீரிஸுக்கு ஒன்று, கொரியாவுக்கு ஒன்று என்று நான்கு ஆப்பில் சந்தா கட்டினேன். ஒரு ஆப்பில் பணம் கட்டிய பிறகுதான் நான் தேடிய சீரிஸ் இந்தியாவில் வராது என்று தெரிந்தது. இன்னொன்றை ஒரு மாதத்துக்கு என்று எடுத்து, பதினோரு மாதம் தானாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பணம் கட்டுமுன் அந்தச் சீரிஸின் முதல் எபிசோடு உங்கள் போனில் திறக்கிறதா என்று பாருங்கள். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குள் போய், சந்தா எடுத்த அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் பார்க்க முடியும். முடியப்போகும் சீரிஸாகப் பார்த்து, முடிந்த பிறகு ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பார்ப்பதுதான் சிக்கனம்.

அடுத்த 22,000 போனது ஜோடிக்கு. தாய்லாந்தில் இதற்கு "கூ ஜின்" என்று பெயர். நிஜத்திலும் காதலர்கள் என்று ரசிகர்கள் கற்பனை செய்துகொள்ளும் ஜோடி என்று அர்த்தம். நிறுவனங்கள் இரண்டு நடிகர்களை ஒரு சீரிஸில் சேர்த்துவிட்டு, அதே ஜோடியை விளம்பரத்தில், பேட்டியில், மேடையில், அடுத்த சீரிஸில் என்று தொடர்ந்து கொண்டுபோகும். பேட்டியில் ஒருவர் மற்றவரின் உதட்டோரம் துடைத்துவிடுவார். அந்தப் பதினைந்து விநாடியை நான் நூறு தடவை பார்த்து, "நடிப்பாக இருக்கவே முடியாது" என்று முடிவு கட்டியவள். போட்டோபுக் பெட்டி ஒன்று, தாய்லாந்து நாணயமான பாத்தில் 1,890. குழுவாகச் சேர்ந்து வாங்கினால் கூரியர் மிச்சம் என்று சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து, கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து என் கைக்கு வரும்போது 8,300 ரூபாய் ஆகியிருந்தது. மீதி 13,700 போட்டோ கார்டு, லைட் ஸ்டிக், டி-ஷர்ட். எல்லாம் பீரோவில் சேலைகளுக்கு அடியில். வெளிநாட்டிலிருந்து எது வாங்கினாலும், போட்டிருக்கும் விலையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகைக்கும் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டமான பகுதி. 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா வேண்டாம் என்றாகிவிட்டது. அடுத்த மாதமே நான் உயிராக நினைத்த ஜோடியின் ரசிகர் சந்திப்பு பாங்காக்கில் என்று அறிவிப்பு வந்தது. 5,500 பாத் டிக்கெட்டுக்கு ஹை-டச் உண்டு, அதாவது வரிசையில் நடந்து போகும்போது இருவரின் உள்ளங்கையையும் ஒரு முறை தொட்டுவிட்டுப் போகலாம். ஐந்து விநாடி இருக்குமோ என்னவோ. விற்பனை பாங்காக் நேரம் காலை பத்து மணிக்கு. நமக்கு எட்டரை. ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இருக்கை வரைக்கும் கிடைத்துவிட்டது, கார்டு மறுக்கப்பட்டது. மூன்று தடவை முயன்றேன், இருக்கை போய்விட்டது. காரணம் பின்னால்தான் தெரிந்தது: நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்துத்தான் இருக்கும், நாமே ஆப்பில் போய் இயக்க வேண்டும். ஒரு சின்ன பொத்தான். அதைத் தட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

தாய்லாந்தில் டிக்கெட் வாங்குவதை "கொட் பத்" என்பார்கள், டிக்கெட்டை அழுத்துவது. கூலிக்கு அழுத்திக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமாகச் செய்கிறவர்களும் உண்டு. அழுது முடித்த கையோடு ஒருவரைப் பிடித்தேன். நன்றி சொல்லி எழுதியிருந்த பதிவுகள் நிறைய இருந்தன. 5,500-க்கு மேல் 700 கூலி. தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். கட்டணம் எல்லாம் சேர்த்து 15,200 ரூபாய். டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் வந்தது, இருக்கை எண்ணோடு. விமானம் 21,600, தங்குமிடம் 7,500, போக்குவரத்தும் சாப்பாடும் 5,900. வீட்டில் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லிவிட்டுச் சென்னை போய் விமானம் ஏறினேன். முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாக.

லாட் ப்ராவ் பக்கம் ஒரு மாலின் மேல்தளத்தில் அரங்கு. வாசலில் ஸ்கேன் செய்த பெண் என் போனை வாங்கி வைத்தாள். சிவப்பு விளக்கு. வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. தன் கருவியைத் திருப்பிக் காட்டினாள்: அந்த டிக்கெட் 3:52-க்கே உள்ளே போயிருந்தது. அந்த ஒரே படத்தை அந்த ஆள் எத்தனை பேருக்கு விற்றாரோ. நான் ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னேன், அவள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள், எனக்குப் பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கதவு மூடியது. உள்ளே முதல் பாட்டு தொடங்கியதும் தரை அதிர்ந்தது. எனக்கு மனப்பாடமான பாட்டு.

சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும் ஒரு தாய்லாந்து அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ரசிகர்கள் தூக்கிப் பிடிக்கும் காகிதப் பதாகைகள் ஒரு கட்டு. மகள் உள்ளே இருக்கிறாளாம், இவருக்கு டிக்கெட் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஐஸ் டீ வாங்கி வந்து என் கையில் வைத்தார். நான் சீரிஸில் கற்ற தாய்லாந்து மொழியில் "கோப் குன் கா, பா" என்றேன். "பா" என்றால் பெரியம்மா. அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து பேசி என்னிடம் காட்டினார்: இன்றைக்கு உன்னைப் போல நாலைந்து பேர் திரும்பிப் போனார்கள், ஒரு பெண் ஃபிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். டூரிஸ்ட் போலீஸ் எண் 1155, கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று, அர்த்தமே இல்லாத பயம். அங்கேயே புகார் கொடுக்காதது இன்னொரு தப்பு. பாட்டு முடிகிற ஒவ்வொரு தடவையும் அவர் கட்டிலிருந்து ஒரு பதாகையை எடுத்து மூடிய கதவைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நானும் பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு. பெரிய தாய்லாந்து டிக்கெட் தளங்களில் ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. முந்தின நாளே கணக்கு தொடங்கி, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, வரம்பை உயர்த்தி வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஆள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். டிக்கெட்டில் யார் பெயர் இருக்கும், அங்கே அடையாளம் கேட்டால் யார் வருவார் என்று முதலில் கேளுங்கள். கையில் டிக்கெட் வருவதற்கு முன் விமானம் போடாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள், இணைய மோசடிக்கான நம் தேசிய எண் அது. பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் ஊர் திரும்பி, ஐந்து நாள் படுக்கையில் கிடந்துவிட்டுச் சொன்னேன். அதற்குள் பணம் கொடுத்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த ஜோடியில் ஒருவருக்குக் காதலி இருப்பது வெளியே வந்தது. அந்த ராத்திரி அவருடைய பக்கத்தில் ரசிகர்கள் எழுதியதைப் படித்தேன். "எங்களை ஏமாற்றிவிட்டாய்", "செலவு செய்த காசைத் திருப்பிக் கொடு". நானும் ஒரு வரி தட்டியிருந்தேன். அனுப்பும் முன் அதைத் திரும்பப் படித்தபோது கை நடுங்கியது. இருபத்தாறு வயதுப் பையன் ஒரு பெண்ணோடு சினிமாவுக்குப் போனதற்கு, கோவையில் உட்கார்ந்துகொண்டு நான் கணக்குக் கேட்கிறேன். என்னிடம் திருடியது டிக்கெட் ஆள். இவர் என்னிடம் எதையும் எடுக்கவில்லை, நடித்துக் கொடுத்தார், நன்றாகவே நடித்தார். அழித்துவிட்டுப் போனை வைத்தேன். அந்தச் சீரிஸை மறுபடி பார்க்க எனக்கு ஆறு மாதம் ஆனது. பார்த்தபோது, அந்த இரண்டு கதாபாத்திரங்களும் அப்படியே இருந்தார்கள்.

இன்னொன்று. கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் தன் துணைவனோடு வேறு ஊரில் இருக்கிறான். முதல் முதலாக இதையெல்லாம் அவனிடம்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பாக்கறதுல யாருக்காச்சும் வாடகைக்கு வீடு கிடைக்காம போகுதா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் பால்கனியோடு ஃபிளாட் இருக்கிறது. "யாராச்சும் ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட முடியாம வெளிய நிக்கறாங்களா?" என்று அடுத்த கேள்வி. இங்கே ஒருபால் உறவு குற்றம் என்பது 2018-ல் போனது, 2023-ல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. தைவானில் 2019-லேயே சட்டம் வந்துவிட்டது, தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் நாள் பதிவுத் திருமணப் படங்களை நான் அவனுக்கு அனுப்பினேன். நாற்பது சீரிஸ் பார்த்ததால் அவன் வாழ்க்கை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தது தப்பு. அவனைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அவன் சொல்லித்தான் "வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?" பார்த்தேன், ஜப்பானில் 2019-ல் வந்தது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு வக்கீலும் ஒரு சிகையலங்காரக் கலைஞரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வக்கீல் ஷிரோ தினமும் சமைக்கிறார், மாதச் சாப்பாட்டுச் செலவு இருவருக்கும் சேர்த்து 25,000 யென்னைத் தாண்டக்கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார். இதை ஒளித்துப் பார்க்கவில்லை, ஹாலில் டிவியில் போட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார். நான் சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு, அவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லயா இருக்கறாங்க?"

"ஆமாம்மா. சேந்து வாழறாங்க."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஷிரோ வேகவைத்த கீரையைக் கையில் பிழிந்துகொண்டிருந்தார்.

"அந்த இருபத்தஞ்சாயிரம் நம்ம காசுக்கு எவ்வளவு?"

"பதினாலாயிரம் வரும்."

"ரெண்டு பேத்துக்கு அது ஜாஸ்தி" என்றார் அம்மா.